எந்த மனைக்கும் பொருந்தும் வீடு

முத்தாபுதுப்பேட்டையை விட்டு ஆவடி பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கக்கத்தில் சுருட்டிய வரைபடம், அதில் மாநகராட்சி முத்திரை. முத்திரை வாங்கிய வரைபடத்தோடு இப்படித் தலையைத் தொங்கப்போட்டு நடந்தவன் அந்தச் சாலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. லாரி கிளீனர், சென்ட்ரிங், டைல்ஸ் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, குமணன்சாவடியில் ஓர் இன்ஜினீயரிடம் கம்ப்யூட்டரில் கோடு போடக் கற்றுக்கொண்டேன். ஆறே மாதத்தில் அறிவு முற்றிவிட்டது. இருபதுக்கு நாற்பது மனையெல்லாம் ஒரே அளவுதானே, ஆளுக்கொரு வரைபடம் எதற்கு? ஒன்றை வரைந்து ஒருமுறை ஒப்புதல் வாங்கிவிட்டால் அதையே எல்லோருக்கும் கொடுக்கலாம். இன்ஜினீயர் சிரித்துக்கொண்டே அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் வேலையை விட்டேன்.

மாநகராட்சி அலுவலகத்தில் கிளார்க் மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஊடு கீது. மனை எங்க?"

"எல்லா மனைக்கும் சார்."

"எல்லா மனையும் உன்னுதா?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். நான்கு மாதம் நடந்தேன். கடைசியில் அதிகாரி அதை மாதிரி வரைபடமாக ஏற்றுக்கொண்டார். பட்டாவோடு இதைக் கொண்டுவருகிறவருக்குத் தனியாக வரைபடச் சோதனை கிடையாது. ஒரே நிபந்தனை: கோடு ஒன்று நகர்ந்தாலும் புது மனு. நான் எதற்கு நகர்த்தப் போகிறேன்?

முதல் ஆள் தயாராக இருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஓய்வுபெற இருந்தவர். ஓய்வுபெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கூரையாவது போட்டுவிட வேண்டும் என்பது அவர் கவலை. வேறு ஆளிடம் போகிறேன் என்று அவர் சொன்னபோதெல்லாம், "இதோ வந்துடும் அண்ணே" என்று நான்தான் நிறுத்தி வைத்தேன்.

அன்று காலை முத்தாபுதுப்பேட்டையில் அவருடைய மனையில், செங்கல் அடுக்கின் மேல் வரைபடத்தை விரித்தேன். அந்த மனையை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஏப்பா, ரோடு இந்தப் பக்கமில்ல இருக்கு? வாசலை அங்கிட்டு வச்சிருக்க?"

மனை மேற்குப் பார்த்தது. என் வீடு கிழக்குப் பார்த்தது. உலகத்து மனைகளெல்லாம் கிழக்கைப் பார்த்துப் படுத்திருக்கின்றன என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வரைந்தபடி கட்டினால் வாசலைத் திறந்ததும் பக்கத்து வீட்டுச் சுவர். நான் பதறவில்லை. தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பினேன்.

"இப்பப் பாருங்கண்ணே. வாசல் ரோட்டுக்கு வந்துடுச்சு."

அவர் மனைவி குனிந்து ஒரு மூலையில் விரலை வைத்தார். "இது என்ன?"

"கக்கூஸ் அக்கா."

"இது எந்த மூலை?"

சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். தென்கிழக்கு. "அக்னி மூலை அக்கா."

"அடுப்பு எரிய வேண்டிய எடத்துல கக்கூஸா? சாமி ரூமு எங்க போச்சு?"

வடகிழக்கில் ஈசானிய மூலையிலிருந்து புறப்பட்டுத் தென்மேற்கில் கன்னி மூலைக்குப் போயிருந்தது.

"கவர்மெண்டே ஒத்துக்கிருச்சுப்பா," என்றார் அவர். "இவ ஒத்துக்க மாட்டா."

கக்கூஸையும் சாமி ரூமையும் இடம் மாற்றலாம். மாற்றினால் புது மனு. மறுபடியும் மாதக்கணக்கில் நடை. அவருக்கு அவ்வளவு நாள் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன். அவர் மனைவியைப் பார்த்து, "வாடகைக்கு வீடு பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். நான் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை குமணன்சாவடியில் இன்ஜினீயர் கடை திறக்கும்போதே போய் நின்றேன்.

"இன்னாப்பா, ஊருக்கே ஊடு கட்டிட்டியா?"

நடந்ததைச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்து முடித்த பிறகு, "அவர இன்னிக்கே வரச் சொல்லு. மேற்குப் பாத்து வரைஞ்சு நானே மனு போடறேன். ஒரு மனைக்குன்னா சீக்கிரம் வந்துடும். நீ மட்டும் கம்ப்யூட்டர் கிட்ட வராத" என்றார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். மனை மனையாகப் போய், டேப்பின் ஒரு முனையைப் பிடித்து நின்று, சாலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதி வர வேண்டும். சரி என்றேன்.