தெருவை மறித்த பாவு

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் கஞ்சிக்காரம்மா. குடிக்கிற கஞ்சி அல்ல, நூலுக்குப் போடுகிற கஞ்சி. தறியில் ஏற்றுமுன், துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, ஈரம் காய்வதற்குள் இழை இழையாக நீவிவிட வேண்டும். ஒட்டிக் காய்ந்தால் தீர்ந்தது. புருஷன் செய்த வேலை; அவர் போனபின் இவள் கைக்கு வந்தது. "பொம்பளைய நம்பிப் பாவைக் கொடுக்கறதா?" என்று முனகியபடியேதான் கொடுத்தார்கள். அதனால் ஒவ்வொரு பாவும் அவளுக்கு வயிற்றில் கட்டிய நெருப்பு.

அன்று அவள் தறியையும் சேர்த்து நாலு வீட்டுத் தறிக்கும் ஒரே பாவு. பாதி நீவியிருப்பாள். சந்துக்குள்ளிருந்து ஆட்டோ ஹாரன் அலறியது. உள்ளே சாயக்காரர் மகள், நிறைமாசம், பல்லைக் கடித்துக்கொண்டு. தெருவைத் தாண்டினால்தான் ஆஸ்பத்திரி ரோடு. குறுக்கே ஈரப்பாவு.

"அண்ணி, கயித்தைத் தளத்தினா எல்லாம் ஒட்டிக்கும்," என்றான் கொழுந்தன்.

அவள் பாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"தளத்துங்க! நூலைப் பிரிச்சுக்கலாம். தூக்குங்க, எல்லாரும் தூக்குங்க!"

மூங்கில், துடைப்பக்கட்டை, வெறுங்கை என்று கிடைத்ததையெல்லாம் முட்டுக் கொடுத்துத் தூக்கினார்கள். கஞ்சி சொட்டச் சொட்ட ஆட்டோ பாவுக்கு அடியில் நுழைந்து போனது.

மறுபடி இறுக்கியபோது நடுப்பகுதி சடை பிடித்திருந்தது. காற்று வேறு ஈரத்தை உறிஞ்சியது. விரல் நுனியால் பிரித்தாள், பிரியாதவை அறுந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பாவும் போய், அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்?

பொழுது சாயும்போது சாயக்காரர் ஓடிவந்தார். "பொண்ணு பிறந்திருக்கும்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அப்போதுதான் அவள் பாவை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

பாவை நாலாகப் பிரித்தபோது நடுப்பகுதி யாருக்கு வந்ததோ அவர் கையை விரித்தார்: "தறியில ஏத்தினா பொழுதன்னிக்கும் முடிச்சுப் போடவே சரியா இருக்கும்." தன் பங்காக வந்த நல்ல பாவை அவருக்குக் கொடுத்துவிட்டு, கெட்டதைத் தன் தறியில் ஏற்றினாள். அந்த மாதம் முழுக்க அறுந்த இழையைப் பிணைத்தே கழிந்தது. நெய்த சேலைகளை, கூலி கொடுக்கும் முதலாளி இரண்டாம் தரம் என்று ஒதுக்கினார்.

கையை விரித்தவரே அடுத்த பாவோடு வந்தார். வாங்கி வைத்தாள். ஆனால் இப்போதெல்லாம் கயிற்றைத் தொடுவதற்கு முன், சந்துக்குள் வீடு வீடாகப் போய் யாருக்காவது பிரசவ நாள் நெருங்கியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வருகிறாள். ஊர் சிரிக்கிறது. அவள் சிரிப்பதில்லை.