பாலத்தில் வாலாட்டிய டிரெய்லர்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தோப்பும்படி பாலத்தின் மேல் என் உயிர் தொண்டைக்குழி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்!

என் தங்கை கீதாவும் அவள் கணவர் மணியும் மட்டாஞ்சேரியில் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள். இதுவரை எல்லாம் சின்னச் சின்ன விசேஷங்கள்தான். இது முதல் கல்யாணம். திருப்பூணித்துறையில், நானூறு இலை! பதினொன்றுக்கு முதல் பந்தி. சொதப்பினால் அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்?

பாத்திரம் கொண்டுபோக புதிதாக ஒரு மூடிய டிரெய்லர் வாங்கியிருந்தார்கள். நாலு பக்கமும் அடைத்த பெட்டி, பின்னால் கதவு. அதை இழுக்க அவர்களுடைய சின்ன பிக்கப். ஓட்டியது கீதா, பக்கத்தில் நான், பின்னால் ஸ்கூட்டரில் மணி.

பாலம் ஏறியதும் ஒரு பஸ் எங்களைச் சர்ரென்று முந்தியது. அவ்வளவுதான்... டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. அது ஆட, பிக்கப் ஆட, கூடவே நான் ஆட! பின்னால் மணியின் ஹாரன் வேறு.

"பிரேக்கைப் போடு!" — கத்தியது நான்தான்.

"மிண்டாம இருங்கோ அண்ணா, கத்தாதீங்கோ! இப்பப் பிரேக் பிடிச்சா வண்டி கவுந்து மறிஞ்சுடும்!"

ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாள், ஒடிக்கவே இல்லை. வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினாள்.

கதவைத் திறந்தால்... கிரைண்டர், அண்டா, உருளி எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. முன்பக்கம் முழுக்க வாழை இலையும் அப்பளக் கூடையும்!

"போனதும் மொதல்ல வேண்டியது கிரைண்டர். அதைக் கடைசியிலதானே ஏத்தணும்?" என்றார் மணி. சமையல்காரர் நியாயம்!

"மொதல்ல அங்க போய் எத்தணுமே, முழுசா சேரணுமே! கனமெல்லாம் வால்ல இருந்தா ஆடாம என்ன செய்யும்?" என்றாள் கீதா.

"எல்லாத்தையும் மாத்தினா அரை மணி போயிடும் கீதா. பந்திக்கு லேட்டாயிடும்."

"எறக்குங்கோ."

இறக்கினோம். என் இடுப்பு இன்னும் என்னுடன் பேசவில்லை. கனமானதெல்லாம் சக்கரத்துக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக. நகராமல் கயிற்றுக் கட்டு. இலையும் கூடையும் பின்னால். கொக்கி, சங்கிலி இரண்டையும் கீதா ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் டிரெய்லர் சமர்த்தாகப் பின்னாலேயே வந்தது. ஆகா!

நமக்கும் இதே புத்திதானே? போய்ச் சேர்ந்ததும் என்ன செய்வது என்று ஆயிரம் திட்டம் போடுவோம். போய்ச் சேருவதற்கு?

மண்டபத்தில் கிரைண்டரை எடுக்க மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருந்தது. மணிதான் முதல் ஆளாகக் கயிற்றை அவிழ்த்தார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இலை விழுந்தது!

முதல் பந்தி உட்கார்ந்ததும் கீதா பரிமாறக் கிளம்பினாள். மணி அவளிடமிருந்து சாம்பார் வாளியை வாங்கி என் கையில் திணித்தார். சமையற்கட்டிலேயே அவளை உட்கார வைத்து ஓர் இலை போட்டார்.

சமையல்காரர்களுக்குக் கடைசிப் பந்திதான். டிரைவருக்கு அந்தச் சட்டம் கிடையாதாம்!