அழித்ததைச் சொல்பவர்

"இன்னிக்கு நானூறு வரி காலி, பானு!" மதியம் தட்டின் முன் உட்கார்ந்ததும் நவநீதன் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். மற்றவர்கள் சம்பாதித்ததைச் சொல்வார்கள். இந்த மனிதர் கணினி நிரலில் அழித்ததைச் சொல்வார். "எழுதினதை என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்பார் மனைவி பானுப்ரியா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

நவநீதன் எடமலைப்பட்டி புதூர் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, ஊர் உலகமெல்லாம் ஓடும் ஒரு கணினி இயங்குதளத்தில் கோப்புகளைச் சேமிக்கும் பகுதியைப் பராமரிக்கிறார். வேண்டாததைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவர்களுடைய கல்யாண ஆல்பமே ஒருமுறை பழைய பேப்பர்காரரிடம் போய்த் திரும்பியது.

இரண்டு வருடமாக அவர் கண் ஒரு பழைய முறைமேல். கோப்பின் ஒவ்வொரு துண்டும் கணினியின் வட்டில் எங்கே கிடக்கிறது என்று ஒன்றொன்றாகக் குறித்துவைக்கும் முறை. புதிய முறையோ 'இங்கிருந்து இதுவரை' என்று ஒரே குறிப்பில் முடித்துவிடும். "காந்தி மார்க்கெட்ல நூறு மூட்டை வரிசையா கிடந்தா, ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதுவானா எவனாவது?" என்று எரிந்து விழுவார். பழையதைப் படிக்கும் நிரலையே தூக்கிவிடலாம் என்று சக நிரலாளர்களுக்குக் கடிதம் தயார். சோதனைக்காக, தான் சும்மா பார்த்துக்கொடுக்கும் ஒரு ரத்த வங்கியின் கணினியில் அந்த மாற்றத்தை முந்தாநாள் போட்டார். வட்டில் 'புதிய முறை' என்ற அடையாளம் இருந்தது. அது போதுமென்று கிளம்பி வந்துவிட்டார்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு அங்கே வேலை பார்க்கும் ஹஃப்ஸா போனில் கூப்பிட்டாள். "அண்ணே, பாம்பே குரூப் லிஸ்ட் திறக்க மாட்டேங்குது. புது ஃபைல்லாம் வருது, பழசு ஒண்ணும் வரல. பிரசவக் கேஸுண்ணே, ரத்தம் நிக்கல. அந்த அபூர்வ ரத்தம் யாருகிட்ட இருக்குன்னு அதுலதான் இருக்கு."

நவநீதனுக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து வருடத்துக்கு முன் அந்த வட்டைப் புதிய முறைக்கு மாற்றியவரே அவர்தான். மாற்றியது எதை? அடையாளத்தை மட்டும். அதற்குப் பிறகு எழுதியவை புதிய முறையில் போயின. முன்பே இருந்தவை பழைய முறையிலேயே கிடந்தன. அடப் பாவி மனுஷா, இது போய் உனக்கு மறக்குமா!

"எதையும் சேவ் பண்ணாதீங்கம்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஆரம்பத்துல திரையில ரெண்டு சிஸ்டம் பேரு காட்டும், கீழ இருக்கறதை எடுங்க. அது பழைய சிஸ்டம், நான் போட்ட மாற்றம் அதுல இருக்காது."

மறுமுனையில் ஹஃப்ஸா கணினியை அணைத்துப் போட்டாள். பானுப்ரியா கரண்டியோடு வந்து நின்றார். பழைய குறிப்புகள்மேல் வேறு ஏதாவது பதிந்து தொலைத்திருந்தால்? பிரசவத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் முகம்கூட அவருக்குத் தெரியாது. இருந்தும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"வந்துடுச்சுண்ணே! லிஸ்ட்ல ஒருத்தர் இருக்கார், பிச்சமுத்து, லால்குடி. போன் போடுறேன்."

கால் மணி நேரத்தில் மறுபடி அழைத்தாள். பிச்சமுத்து கார் பிடித்துக் கிளம்பிவிட்டாராம். இரண்டு மணிக்கு இன்னொரு அழைப்பு: தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

நவநீதன் கடிதத்தைத் திறந்தார். 'இந்த முறையை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை' என்றது முதல் வரி. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டலில் காலி பண்ணுகிறவர், அந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தார். கடிதத்தை அனுப்பாமல் மூடினார்.

"ஏங்க, இன்னிக்கு எத்தனை வரி?" ஆறிப்போன சோற்றைத் தட்டில் வைத்தபடி கேட்டார் பானுப்ரியா.

அவர் ஒரு விரலைக் காட்டினார்.