பெத்த தாய் கேட்டாலும்

என் கடையில் நூறு கிராம் உளுந்து வாங்கினாலும், அதை எதிர்க் கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள் பாண்டீஸ்வரி. எனக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஒரு நாள் கேட்டே விட்டேன். "உங்கள நம்பலன்னு இல்ல பானு அக்கா, தராசத்தான் நம்பல" என்றாள். அந்தத் தராசை நான்தான் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

அவளும் அவள் கணவன் சமுத்திரமும் ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்து இரண்டு வருஷம் இருக்கும். செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் அவர்கள் ஊர். சமுத்திரமும் அவனுடைய அண்ணன் கருத்தப்பாண்டியும் பத்திரம் பிரிக்காத தோப்புக்கு ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். யார் முறையில் யார் மோட்டார் போட்டார் என்று தொடங்கிய சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோய், தம்பி தன் பெண்டாட்டியோடு இங்கே வந்துவிட்டான். அவனுக்குப் பஞ்சு வெளுக்கிற பட்டறையில் வேலை. அவளுக்குப் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றுகிற வேலை. இரண்டு பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள், ஈ.எஸ்.ஐ.யில் பேர் கிடையாது.

அவளுடைய சந்தேகம் சும்மா வந்ததல்ல. ஊரில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரிக்கு யாரோ பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, போனில் வந்த நம்பரைக் கேட்டிருக்கிறான். அவளும் சொல்லிவிட்டாள். ஆடு விற்ற பணம் போயே போய்விட்டது. அன்றைக்குப் பாண்டீஸ்வரி வீடு வீடாகப் போய், பெத்த தாய் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லாதீர்கள் என்று ஊருக்கே பாடம் நடத்தியிருக்கிறாள். கருத்தப்பாண்டியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாளாம். இதை அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

எங்கள் வார்டில் அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்கு முகாம் போட்டபோது தெருவே திரண்டு போனது. அவள் மட்டும் போகவில்லை. நான் கூப்பிட்டதற்கு, "சும்மா ஆப்பரேசன் பண்ணித் தாரேன்னு ஒருத்தன் சொன்னா, நம்ம ஒடம்புல அவனுக்கு எதோ வேணும்னு அர்த்தம். மயக்க மருந்து குடுத்துட்டு ஒரு கிட்னிய எடுத்துக்கிட்டா யாருகிட்டப் போயிக் கேக்க?" என்றாள். இவளோடு பேசி ஜெயிக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

சமுத்திரம் ஈரப் பஞ்சுப் பொதி தூக்குகிறவன். அடிவயிற்றில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போகும், நின்றால் வெளியே வரும். ஒரு வருஷமாகக் கைலியை இறுக்கிக் கட்டிச் சமாளித்தான். போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் அது உள்ளே போகவில்லை. சுருண்டு விழுந்தவனை நானும் அவளும் ஆட்டோவில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எப்படியோ அமுக்கி உள்ளே தள்ளிவிட்டார். இது குடலிறக்கம், அடுத்த தடவை சிக்கிக்கொண்டால் குடல் அழுகிவிடும், நாளைக் காலையிலேயே ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார். கையில் காசில்லை. அட்டையும் இல்லை.

காப்பீட்டு மேஜையில் சிவரஞ்சனி என்ற பெண் இருந்தாள். இப்போதே பதிந்துவிடலாம், சாயங்காலம் மேஜை மூடுவதற்குள் முடிந்தால் போதும் என்றாள். கேட்ட காகிதமெல்லாம் இருந்தது. சமுத்திரத்தின் விரலை மெஷினில் வைத்தால் ரேகை விழவில்லை. பத்து விரலும் அப்படித்தான். வெளுக்கிற மருந்தில் ரேகையெல்லாம் கரைந்துபோயிருந்தது. அப்படியானால் ஆதாரில் இருக்கும் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால் போதும் என்றாள் சிவரஞ்சனி. அது யாருடைய போன் என்று பார்த்தால், கருத்தப்பாண்டியுடையது. ஆதார் எடுத்த காலத்தில் அந்த வீட்டுக்கே ஒரு போன்தான்.

பாண்டீஸ்வரி பேச மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். நான்தான் போட்டேன். கருத்தப்பாண்டி விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். நம்பர் வந்திருக்கிறது என்றும் ஒத்துக்கொண்டார். ஆனால் சொல்லவில்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நிலத்தை எழுதி வாங்குகிற கூட்டமாக நாங்கள் இருக்கலாமாம். பாண்டீஸ்வரி போனைப் பிடுங்கிக் கெஞ்சினாள்.

"பாண்டீஸ்வரி கொரலு மாதிரிதான் இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். "பெத்த தாய் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அந்தப் புள்ளதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு."

போனை வைத்துவிட்டார். அப்புறம் போட்டால் எடுக்கவே இல்லை. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கெணத்த மனசுல வச்சிருக்காவ அக்கா. தம்பி செத்தா தோப்பு முழுசும் அவியளுக்குத்தான" என்றாள். அப்படிச் சொல்லாதே என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

மேஜையை மூடுகிற நேரத்துக்குக் கருத்தப்பாண்டி வந்து நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்.  நேராகக் கட்டிலுக்குப் போனார். படுத்திருப்பது தம்பிதானா என்று குனிந்து பார்த்தார். போர்வையை விலக்கி, அடிவயிற்றில் போட்டிருந்த கட்டுத்துணியையும் பார்த்தார். அப்புறம்தான் அவர் முகம் மாறியது.

"எம்புட்டு நாளாலே இப்படி?"

"ஒரு வருசமாண்ணே."

"ஒரு வார்த்த சொல்லலையே." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி, பாண்டீஸ்வரியிடம் போனையே நீட்டினார். "இந்தாத்தா. கண்ணு மறைக்குது, எழுத்து எனக்குத் தெரியல, நீயே பாத்துச் சொல்லு."

புது நம்பர் வந்தது. அப்போதும் பாண்டீஸ்வரி சும்மா சொல்லிவிடவில்லை. இது எதற்கு, கிட்னி ஒன்றும் எடுக்க மாட்டீர்களே என்று சிவரஞ்சனியிடம் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். பதிவு முடிந்தது. சிவரஞ்சனி நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னாள். ஆதாரில் உங்கள் போன் நம்பரையே மாற்றி வைத்துக்கொண்டால் இனிமேல் இந்தப் பாடு இருக்காதே அக்கா என்றாள்.

 பாண்டீஸ்வரி போனைக் கருத்தப்பாண்டியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாம் தாயி, அவியகிட்டயே இருக்கட்டும். இவரு வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கையில நானா இருந்தா எவன் கேட்டாலும் சொல்லிருவேன். பெரிய அத்தான் நேர்ல வந்து பாக்காம சொல்ல மாட்டாவ."

கருத்தப்பாண்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார். ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்று நான் கேட்டதற்கு, அவர் தம்பியின் கால்மாட்டில் துண்டை விரித்தார்.