ஓடையில் கரைத்த சிவப்புச் சாயம்

எங்கள் அக்கா அவர்கள் திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தார்கள். என்னைப் படிக்க வைப்பதற்காகத் தாம் பள்ளிப் படி மிதிக்காதவர்கள். அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறையில் நூல் முக்கி முக்கி, அவர்கள் உள்ளங்கை கடைசிவரை சிவப்பாகவே இருந்தது. இந்த நினைவுரையில் சாந்தமானவர் என்று எழுதும்படி உறவினர்கள் சொன்னார்கள். அக்கா சாந்தமானவர் அல்ல. இன்று நானும் அல்ல.

நான் ஊர்ப் பள்ளியில் வாத்தியாரானேன். 'அசுத்த நீர் நோய் தரும்' என்று பிள்ளைகளை நாள்தோறும் ஒப்பிக்க வைத்தேன். ஒப்பித்துவிட்டு அவர்கள் ஓடை மணலில் தோண்டிய ஊற்றில்தான் குடித்தார்கள். ஓடையில் பத்தடி மேலே மாடு குளிப்பாட்டும் குழி. மணல் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்பது ஊரின் நம்பிக்கை.

ஒரு நாள் அக்கா பள்ளி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, புள்ளைக வாயில போட்டுட்ட. கண்ணுல காட்டுனியா?" என்றார்கள்.

யுத்த காலம், சாயம் கிடைப்பதே அரிது. பட்டறையில் கெஞ்சி வாங்கிய சாய வண்டலை அக்கா காலையில் மாட்டுக் குழியில் கரைத்தார்கள். ஊற்றைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். உச்சி வெயிலுக்குள் ஊற்றில் சிவப்பு கசிந்தது.

"அத்தே, மாடு குளிச்ச தண்ணியவா குடிக்கோம்?" என்றாள் ஒரு சிறுமி.

"குளிச்சது மட்டுமாத்தா? மோண்டதும் சேத்துத்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னார்கள்.

மறுநாள் ஊர்க்கூட்டம். குழியை மூடுவது பற்றி ஒருவரும் பேசவில்லை. "குடிதண்ணியில சாயத்தக் கலந்தவ சபையில விழுந்து கும்பிடட்டும்" என்றார்கள் பெரியவர்கள். அங்கே படித்தவன் நான் ஒருவன். வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அக்கா விழுந்தார்கள். எழுந்து, "சாயம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, கேக்குறீக. தெரியாம வாரத யாருகிட்டக் கேப்பீக?" என்றார்கள்.

கோடையில் வாந்திபேதி வந்தது. நோய் கண்ட வீடுகளுக்குக் கஞ்சி கொண்டுபோன அக்காவையும் பிடித்தது. இரண்டே நாள். அவர்கள் உடலைக் குளிப்பாட்டவும் அதே ஊற்று நீரைத்தான் எடுத்து வந்தீர்கள்.

தூக்கியவர்களுக்கும் அழுதவர்களுக்கும் நன்றி சொல்வது முறை, சொல்லிவிட்டேன். என் நெஞ்சார்ந்த நன்றி அந்தப் பிள்ளைகளுக்கே. மாட்டுக் குழிக்கு வெகுதூரம் மேலே தாங்களே ஊற்றுத் தோண்டி, வீட்டில் அடி வாங்கிக்கொண்டும் அதில்தான் குடிக்கிறார்கள். பெரியவர்களாகிய நீங்கள் ஓராண்டாகக் குழியை மூடவில்லை.

இன்று தலைத்திவசம். சாப்பாடு உண்டு. இலை போடுமுன் ஓடைக்குப் போகிறோம். வாசலில் மண்வெட்டிகள் சாத்தியிருக்கின்றன, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வெட்டு என்னுடையது.