இரைச்சலோடு வந்த இசைத்தட்டு

லைப்சிக் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது. கண்ணாடி விழும் சத்தம் அண்டை வீட்டாரின் ஓய்வைக் கெடுக்குமாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துவைக்கும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது, மாடிப்படியில் நின்று உரக்கப் பேசக் கூடாது. வந்த வாரமே இவற்றை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டேன். விதிகள் எனக்குப் பிடிக்கும். பழகாதது, அவற்றால் உண்டாகும் அமைதிதான். செங்கல்பட்டுப் பக்கம் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். எங்கள் வீடு இவ்வளவு அமைதியானால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். அப்படி நடந்த ஒரு நாள், ஃப்ரிட்ஜின் இரைச்சலோடு சேர்ந்து நான் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கல்லூரியில் எங்கள் இசைக்குழு பாடிய பாட்டு. சுருதி ஃப்ரிட்ஜிடமிருந்து வந்திருந்தது.

குழு என்றால் மூன்று பேர்தான். பாடுவது ஜெனிபர், கிடார் சரவணன், பேஸ் கிடாரும் பதிவு வேலையும் நான். டிரம்ஸுக்குக் கைப்பேசியில் ஒரு செயலி. பொத்தேரிக் கல்லூரியில் மூவரும் ஒரே வகுப்பு, எலக்ட்ரானிக்ஸ். பேஸ் முன்னால் நின்று ஒரே இடத்தைச் சுற்றும், கிடார் தகரத்தைச் சுரண்டுவதுபோல் வரும், ஜெனிபர் பாதி பாடுவாள், பாதி பஸ்ஸில் யாரோடோ சண்டை போடுவதுபோல் பேசுவாள். இதற்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் என்பது சரவணனுக்கு மட்டும் தெரியும். மற்ற இருவருக்கும் எங்கள் வாசிப்பு அந்த அளவுக்குத்தான் வரும், அவ்வளவே.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஹென்னிங் என்பவர் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறார். அறுபதை நெருங்கியவர். அதே முனகலோடு நான் ஒரு நாள் கடைக்குள் போக, அது என்ன பாட்டு என்று கேட்டார். கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னார். பிறகு எல்லாப் பதிவுகளையும் கேட்டார். நாங்கள் வாசித்துப் பழகிய படூர் அறையில் எடுத்தவை, பொத்தேரி விடுதி மாடியில் எடுத்தவை, மாமல்லபுரத்தில் எடுத்த ஒன்று என்று நான் வகை பிரித்து வைத்திருந்தேன். “ராரிட்டேட்டன்” என்றார். அரிய பதிவுகள். அப்படியொரு தொகுப்பாகச் சிறிய அளவில் இசைத்தட்டு போடலாம் என்றார். அரிதல்லாத பதிவு எங்களிடம் ஒன்றுகூட இல்லை, ஒருவரும் எங்களைக் கேட்டதே இல்லை என்றேன். அதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மாமல்லபுரப் பதிவின் தொடக்கத்தில் ஜெனிபர் ஓர் அலறல் போடுவாள். “இதுதான் தொகுப்பின் முதல் பாட்டு” என்றார். “எவ்வளவு பெரிய எதிர்ப்பு.”

“அது ஷாக்” என்றேன். “மைக்கில் கரண்ட் அடித்தது.”

“ஆமாம்” என்று நெகிழ்ந்து தலையாட்டினார். “அதேதான்.”

அந்த ஷாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் படூர் அறையிலிருந்து தொடங்க வேண்டும். அது சரவணனின் மாமா வாங்கிய ஃப்ளாட், கட்டி முடியாமல் பாதியில் நின்றிருந்தது. கட்டட வேலைக்கு இழுத்த தற்காலிக லைனில்தான் கரண்ட். எர்த் கம்பி கிடையாது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதுமே ஊ என்று ஓர் இரைச்சல் கிளம்பும். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மூன்று பேர் ஒரு வாரம் அதனோடு மல்லுக்கட்டினோம். ஒயரை மாற்றினோம், பிளக்கைத் திருப்பிப் போட்டோம், ஆம்ப்ளிஃபயரை அறை அறையாக நகர்த்தினோம். கடைசியில் சரவணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“வுடு மச்சி. அது போவாது. நாம்பளே போயி அதும் பக்கத்துல ஒக்காந்துக்கலாம்.”

அவன் சொன்னதை அப்படியே செய்தோம். இரைச்சலின் சுருதிக்குக் கிடாரையும் பேஸையும் சேர்த்து வைத்தோம். ஜெனிபர் அதைப் பிடித்துக்கொண்டு பாடினாள். கச்சேரிக்காரர்களுக்குச் சுருதிப் பெட்டி போல எங்களுக்குக் கரண்ட். இரண்டு வருடம் வேறு சுருதியில் நாங்கள் வாசித்ததே இல்லை.

எங்கள் ஒரே மேடை மாமல்லபுரத்தில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து சாப்பிடும் ஓர் உணவகத்தின் மொட்டை மாடி. அங்கே கரண்ட் நல்ல கரண்ட், எர்த் கம்பியும் உண்டு. ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் சத்தமே இல்லை. டிரம் ஓடத் தொடங்கிவிட்டது, ஜெனிபர் வாயைத் திறந்தாள், பிடிக்க ஒன்றும் இல்லாமல் அப்படியே நின்றாள். நாலைந்து பேர் மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சரவணன் கீழே ஓடி, எர்த் முனை இல்லாத இரண்டு பின் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். இரைச்சல் வந்தது. மூவருக்கும் உயிர் வந்தது. ஜெனிபர் மைக்கை வாயருகே கொண்டுபோனதும் உதட்டில் சுருக்கென்று அடித்தது. அதுதான் அந்த அலறல். அதன் பின்னால், “டேய், சாவடிச்சிருவியாடா என்னை” என்று சிரித்துக்கொண்டே பாட்டைத் தொடங்குவாள். இன்று என் வேலையிடத்தில் யாராவது இப்படிப் பிளக் மாட்டினால் நானே மேலே புகார் கொடுப்பேன்.

என் வேலையே சத்தத்தைத் தேடிப் பிடிப்பதுதான். காரின் உதிரிப் பாகங்களைச் சோதித்து, வேண்டாத இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து ஒழிக்க வேண்டும். ஆகவே எங்கள் பதிவுகளையும் அதே கையோடு சுத்தம் செய்தேன். இரைச்சலை வெட்டி எடுத்தபோது, அதே சுருதியில் இருந்த பேஸும் கூடவே போய்விட்டது. பரவாயில்லை என்று பேஸை இங்கே புதிதாக வாசித்துச் சேர்த்தேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் பாட்டெல்லாம் கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றது. கரண்டின் சுருதி அங்கேதான் விழும். வெளியூர்க் காதுகள் இதைப் பிசகு என்று நினைத்துவிடுமோ என்று எல்லாவற்றையும், ஜெனிபரின் குரலையும், பக்கத்திலுள்ள கீழ்க் கட்டைக்கு இறக்கிச் சரிசெய்தேன்.

ஹென்னிங் கேட்டுவிட்டு “சௌபர்” என்றார். சுத்தம். இந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. சரவணன் கட்டைவிரல் படம் அனுப்பினான். ஜெனிபரிடமிருந்து குரல் செய்தி வந்தது. “இன்னா ப்ரியா இது? யாருடி பாடுறா? நான் இதுல இல்ல. எம் பேரப் போடாத.” அதன்பின் என் அழைப்பை எடுக்கவில்லை. அவள் இல்லாமல் குழு இல்லை. மூவரும் சம்மதிக்காமல் தட்டு போடமாட்டேன் என்று ஹென்னிங்கும் முதலிலேயே சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எத்தனை முறை சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன் என்று கீழ்வீட்டுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

ஜெனிபர் இப்போது சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தொழில் நகரத்தில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிபார்ம் சட்டையோடு இறங்கினாள். மாமல்லபுரம் போய்வரச் சரவணன் அவன் அப்பாவின் வேனைக் கொண்டுவந்திருந்தான். என்னைப் பார்த்ததும், “இன்னா ஜெர்மனி, வெயிலு தாங்குதா?” என்றாள்.

“கோச்சிகினியா?” என்று கேட்டேன்.

“கோவம் இன்னா கீது? நீ அங்க போயி சுத்தமாயிட்ட, சந்தோசம். எங்கள எதுக்கு இட்டும்போயி கழுவுற?”

“என் கிடாரையுந்தான் கழுவுனா” என்றான் சரவணன். “நான் சண்டையா போட்டேன்?”

“நீ வாசிச்சா அப்பவும் ஒண்ணுதான், இப்பவும் ஒண்ணுதான். வண்டிய ஓட்றா.”

திருக்கழுக்குன்றத்தில் டீ குடித்துவிட்டு வேனில் ஏறிய பிறகுதான் ஜெனிபர் மீதியைச் சொன்னாள்.

“காலேஜ் முடிஞ்சி சர்ச்சுல கொயருக்குப் போனேன். நீ கீபோர்டுக்கு மேல போற, மேல போறன்னு மாஸ்டர் சொல்லிகினே இருந்தாரு. என்னால அவரு சொன்ன எடத்துல நிக்க முடியல. பின்னாடி வரிசைல போட்டாரு. அப்பறம் பாட்டு புக்கு அடுக்கச் சொன்னாரு. எனக்குக் காது கெட்டுப்போச்சுன்னு நெனச்சி வாயத் தொறக்கறதையே வுட்டுட்டேன். நீ அனுப்புனதக் கேட்டா, நீயும் அவராட்டமே என்னைப் புடிச்சிக் கீழ எறக்கி வெச்சிருக்க.”

இது எதுவும் எனக்குத் தெரியாது. சிறு வயதிலிருந்து சர்ச்சில் பாடி வளர்ந்தவள் பாடுவதை நிறுத்தியிருக்கிறாள். எனக்கு அவளுடைய பிறந்தநாளும் ரத்த வகையும் கம்பெனியில் அவள் பதவியும் மட்டும் தெரிந்திருந்தது. கைப்பேசியில் ஒரு கீபோர்டைத் திறந்து, கீழ்க் கட்டையை அழுத்திக் காட்டினேன். பிறகு இரைச்சலோடு இருந்த பழைய பதிவு. பிறகு மேல் கட்டை. மறுபடியும் அதே வரிசையில்.

“கேக்குதா? நீ ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற. அங்கதான் கரண்ட் சத்தம் இருந்துச்சு. அந்த எடத்துக்குக் கீபோர்டுல கட்டை இல்ல. ரெண்டு வருசம் நீ கரெக்டா பாடிப் பழகிட்ட, அவ்ளோதான்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப எங் காது நல்லாத்தான் கீது.”

“எங்க எல்லாரையும் விட.”

“இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“நீ கொயர்ல சேந்ததே எனக்குத் தெரியாதுடி.”

“எப்டித் தெரியும்? பிளைட்டு ஏறுனதுல இருந்து, நல்லா கீறியா, சாப்ட்டியான்னு ரெண்டே கேள்வி.”

மாமல்லபுரத்தில் அந்த மொட்டை மாடியில் இப்போது தங்கும் அறைகள் கட்டிவிட்டார்கள். கடற்கரையில் போய் உட்கார்ந்தோம். யாரும் கேட்காமலே ஜெனிபர் எங்கள் பாட்டின் முதல் வரியைப் பாடினாள். ஆம்ப்ளிஃபயர் இல்லை, கரண்ட் இல்லை. நான் கைப்பேசியில் சுருதியைப் பார்த்தேன். இரண்டு கட்டைகளுக்கு நடுவில், பழைய இடத்திலேயே நின்றாள். திரையை அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினாள். சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“சரி, போடு” என்றாள் முடித்ததும். “எப்டி இருந்துச்சோ அப்டியே போடு. நான் கத்துனதும் இருக்கட்டும். ஆனா இப்ப சொன்னியே, அந்த நடு எடம், அத்த அட்டையில எழுது. கொயர் மாஸ்டருக்கு ஒண்ணு குடுக்கணும்.”

“அவரு கிட்ட தட்டு போடற மிஷினு கீதா?” என்றான் சரவணன்.

“அட்டையப் படிக்கட்டும்.”

திரும்பி வந்து சொன்னபோது ஹென்னிங் கையைப் பிசைந்தார். இசைத்தட்டு ஓட்டும் கருவியில் எர்த் கம்பி கழன்றால் இதே சத்தம்தான் வருமாம். வாங்குபவர்கள் எல்லோரும் தங்கள் கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து நிற்பார்கள் என்று பயந்தார். ஆகவே அட்டையின் பின்புறம் ஜெர்மனிலும் தமிழிலும் நானே எழுதிக் கொடுத்தேன். “உங்கள் கருவியில் பழுதில்லை. இந்த இரைச்சல் படூரைச் சேர்ந்தது. பாடகி கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் பாடுகிறார். சரியாகப் பாடுகிறார்.” அட்டையில் அலறல் மட்டும் எதிர்ப்புக் குரலாகவே இருக்கிறது. ஹென்னிங்கிடம் அதற்குமேல் வாதாட என்னால் ஆகவில்லை.

சரிபார்க்கச் சொல்லி முதல் தட்டை அவர் கொடுத்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள், விதிப்படி சத்தத்தைக் குறைத்து வைத்து, கருவியை ஜன்னலோரம் ஓட்டினேன். பாட்டு தொடங்குமுன் இரைச்சல் வந்தது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே சுருதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. எங்கள் ஊர்க் கரண்ட் ஒரு மயிரிழை கீழே இருந்தது. அவ்வளவு நெருக்கமான இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலித்தால் அவை ஒன்றாகக் கலப்பதில்லை. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். வழக்கம்போல் நடந்தேன். சமையலறைப் பக்கம் போனால் லைப்சிக் மட்டும் கேட்டது, ஜன்னல் பக்கம் வந்தால் படூர் மட்டும். நடுவில், சாப்பாட்டு மேசைக்கு அருகில், இரண்டும் சமமாகி அறையே மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. ஜெனிபர் அலறினாள், சிரித்தாள், பாடத் தொடங்கினாள். தட்டின் ஒரு பக்கம் முடிந்து முள் தானாக எழும்வரை நான் அந்த மேசையருகிலேயே நின்றிருந்தேன்.