உப்புச் சர்க்கரை நாளில் ஒரு கரந்தடி

என் அத்தையைப் போல ஒரு தளபதியை எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்தவள் நான்தான் என்ற பெருமை எனக்கு இன்றும் உண்டு.

ஏழாம் வகுப்பில் எங்கள் தமிழம்மா ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்து, வாரம் ஒருவர் விளக்கிப் பேச வேண்டும் என்றார். எனக்கு வந்த சொல் 'கரந்தடி'. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் பேசிப் பழகினேன். கரத்தல் என்றால் மறைதல். மறைந்திருந்து அடிப்பது கரந்தடி. செய்தித்தாளில் கெரில்லா என்று எழுதுகிறார்களே, அதற்கான தமிழ்ச் சொல். கெரில்லா ஸ்பெயின் நாட்டு மொழியிலிருந்து வந்தது. சின்னச் சண்டை என்று பொருள். பெரும்படையோடு நுழைந்த அயல்நாட்டு மன்னனை நேருக்கு நேர் ஜெயிக்க முடியாத அந்த ஜனங்கள், அவன் எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத நேரத்தில் அடித்தார்கள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினாள்.

"கடைசியாச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு கண்ணு."

சொன்னேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம் மட்டும் பாக்கி. அதற்குள் திருச்செங்கோட்டிலிருந்து சம்பந்தம் வந்துவிட்டது. போர்வெல் போடும் ரிக் வண்டிகள் சொந்தமாக வைத்திருந்த வீடு. மாப்பிள்ளையை அத்தைக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தை மாதமே கல்யாணம், படிப்பு இதோடு போதும் என்று அவர்கள் சொல்ல, தாத்தா தலையாட்டிவிட்டார். அத்தை அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். தாத்தா மசியவில்லை.

என் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். எதற்கும் மறுபேச்சு இல்லை. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

உப்புச் சர்க்கரை மாற்றும் நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் இரு வீட்டாரும் உறவுக்காரர்கள் முன்னிலையில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி; அதற்குப் பிறகு பின்வாங்கினால் மானம் போய்விடும். மாற்றி முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாய் நிறையச் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு, பேச்சுக்குக் கேட்டு வைத்தார்.

"ஏஞ்சாமி, உனக்குச் சம்மதந்தான?"

அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. குரல் மட்டும் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

"சம்மதமுங்க மாமா. படிப்பை முடிச்சுப்போட்டே வான்னு பெரிய மனசு பண்ணிச் சொன்னீங்களே, அதை உசுரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டனுங்க."

அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. ஆனால் சர்க்கரையை விழுங்கி முடிப்பதற்குள், "இந்தக் காலத்துல இப்பிடி யாருங்க சொல்றாங்க!" என்று அவர் பக்கத்துப் பெரியவர் ஒருவரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பெண்கள் பக்கமிருந்தும் பாராட்டு கிளம்பியது. மாப்பிள்ளையின் அப்பா சுற்றிலும் பார்த்தார். தோள்துண்டைச் சரிசெய்தார்.

"ஆமாங்க, படிச்சுப்போட்டே வரட்டும்" என்றார்.

தாத்தா இதற்கும் தலையாட்டினார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கூடவே அத்தைமேல் கோபமும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையை அவள் சேலைத் தலைப்புக்கு அடியில் பிடித்து நசுக்கி எடுத்துவிட்டாள். எல்லோரும் போன பிறகு நகம் பதிந்து சிவந்த தடத்தைக் காட்டினேன். ஊதிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஜெயித்தவள் எதற்கு அழுகிறாள் என்று விழித்தேன்.

மறுநாள் வகுப்பில் என் முறை. நன்றாகத்தான் பேசினேன். முடிவில் தமிழம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். கரந்தடி வீரர்கள் எதையெல்லாம் மறைத்து வைத்திருப்பார்கள்?

ஆளையும் ஆயுதத்தையும் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பயத்தையும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அத்தையின் நகத்தடம் கையில் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.